கண்காட்சிக் கடையில் கைவேலையை எப்படிக் கண்டுகொள்வது?

மாற்றலாகி சேலம் வந்து சில மாதம்தான் ஆகிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் மட்டும் நடந்த கைவினைக் கண்காட்சியில் கைத்தறிப் பட்டு என்று சொன்னதை நம்பி ஒரு சேலை வாங்கினீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஓரத்தைப் பார்த்துவிட்டு ‘ஊசித் துளையே இல்லை, இது பவர்லூம்’ என்று சொல்லிவிட்டார். இனி இந்த மாதிரி இடங்களில் எதை நம்பி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலையில் தொடங்கினாலும் உங்கள் கேள்வி சேலையோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை போனால் பூட்டிக் கிடக்கும் மண்டபம், திரும்பப் போய்க் கேட்க ஆள் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் பொருளை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், விற்பவரை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் டிப்ளமோ படித்தவன். அதன் பிறகு பல வருடம் துணி கொள்முதல்தான் வேலை. இப்போது சில மகளிர் குழுக்களுக்குக் கடை போட உதவுகிறேன். அதனால் துணியைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், மரத்தைப் பற்றி ஓரளவுக்கு. வெள்ளி விஷயத்தில் என் கண்ணை நானே நம்புவதில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் சேலை. நெய்யும்போது துணி அகலம் குறையாமல் இருக்க, இரண்டு ஓரத்தையும் ஊசி முனையால் பிடித்து விறைப்பாக நிறுத்தும் ஒரு குச்சி உண்டு. நெய்ய நெய்ய அதை நகர்த்திக் குத்துவதால் ஓரத்தில் பொடித் துளைகள் விழும். அந்த அக்கா சொல்வது இதைத்தான். ஆனால் பவர்லூம் எனப்படும் விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்க முள் வைத்த உருளை இருக்கிறது, அதுவும் தடம் விடும். கைத்தறிச் சேலையிலோ கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, இரண்டு முறை உடுத்திவிட்டால் துளை மூடிக்கொண்டு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஆக, துளை இருப்பதால் கைத்தறி என்றும் சொல்ல முடியாது, இல்லாததால் பவர்லூம் என்றும் சொல்ல முடியாது. யூடியூபில் சொல்லிச் சொல்லி இந்த ஒரு சோதனை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. தனியாக அதை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது.

இதைவிட உறுதியானது ஓரத்தில் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், என்ன செய்கிறது என்று பார்ப்பது. கைத்தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா என்ற கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். நூல் வெட்டுப்படாமல் ஓரத்தில் மடங்கி உள்ளே போகும். நாடா இல்லாத புது வகைத் தறிகளில் ஒவ்வொரு ஊடையும் தனித்தனியாக வந்து ஓரத்தில் வெட்டப்படும். அப்படி வெட்டுப்பட்ட நுனிகள் ஓரம் நெடுக மயிர் மாதிரி நின்றாலோ, அவற்றை மடித்து உள்ளே செருகியிருந்தாலோ, அது கைத்தறி கிடையாது. இதில் சந்தேகமே வேண்டாம். நூல் ஒழுங்காக மடங்கியிருந்தால் மட்டும் கேள்வி முடியாது, ஏனென்றால் நம் பக்கத்தில் நாடா போட்டு ஓட்டும் பழைய விசைத்தறிகள் இன்னும் ஏராளம். அதாவது இந்தச் சோதனை ‘இல்லை’ என்று நிச்சயமாகச் சொல்லும், ‘ஆம்’ என்று சொல்லாது. கண்காட்சியில் நின்றுகொண்டு செய்யக்கூடிய பெரும்பாலான சோதனைகள் இந்த ரகம்தான்.

‘ஆம்’ பக்கம் சாய வைக்கும் ஒரு அடையாளம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். மூன்று நாடா போட்டு, பெரும்பாலும் துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு நெய்வது. சேலையைப் புரட்டி அந்தச் சேர்க்கையில் விரலை ஓட்டினால் ரம்பப் பல் மாதிரி லேசாக நெருடும். அங்கே நிறம் கத்தி வைத்து வெட்டியது போல் மாறும். கோர்வை இல்லாத சேலையில் ஒரே ஊடை கரைக்குள்ளும் ஓடுவதால் கரை நிறத்தில் உடல் நிறம் கலந்து தெரியும். கோர்வை இல்லாத நல்ல கைத்தறிச் சேலைகளும் நிறைய இருக்கின்றன, அதனால் இது இல்லாததைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தால் நெசவாளி உடம்பு நோக உட்கார்ந்திருக்கிறார் என்று ஓரளவுக்கு நம்பலாம்.

பட்டா இல்லையா என்பது தறியோடு சம்பந்தமில்லாத தனிக் கேள்வி. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரிவது மாதிரி. ஆனால் குஞ்சத்தில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மட்டும்தான் இருக்கும். பாவில் பட்டு, ஊடையில் வேறு ஏதாவது போட்டு நெய்வதும் உண்டு. அதனால் ஊடையிலிருந்தும் ஒரு துண்டு வேண்டும். பிளவுஸ் துணி வெட்டும் இடத்தில் அது கிடைக்கும். கடையில் தீப்பெட்டியை எடுக்க யாரும் விடமாட்டார்கள், எனவே இதை வீட்டில்தான் செய்ய முடியும். நீங்கள் இன்றைக்கே செய்யலாம்.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இளம்பிள்ளை விசைத்தறிச் சேலைக்குப் பெயர்போன ஊர். அங்கே மொத்த விலைக்கு எடுத்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். நல்ல சேலைகள், விலையும் நியாயம். அதே சேலை மண்டபத்துக்கு வந்து, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் வைத்தவுடன் ‘கைத்தறி’ ஆகிவிடுகிறது. ஏமாற்று அந்த இடத்தில்தான் நடக்கிறது. இளம்பிள்ளைக்காரர் பாவம், அவர் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

முத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது முழுமையாகாது, ஏனென்றால் இதில் படித்தவர்களே குழம்புகிறார்கள். 2004-ல் வந்த சில்க் மார்க் அது தூய பட்டு என்று மட்டும் சொல்கிறது. எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க் கைத்தறி என்று சொல்கிறது, பட்டைப் பற்றிப் பேசாது. புவிசார் குறியீடு ஊரோடும் முறையோடும் சம்பந்தப்பட்டது. சேலம் வெண்பட்டுக்கு அது உண்டு, பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. அதற்காகப் ‘பவானி’ என்று எழுதி வைத்த ஜமக்காளமெல்லாம் பவானியில் நெய்ததாகிவிடாது. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் வெளிமாநில விசைத்தறியில் நெய்தது அந்தப் பெயரில் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பவானி நம் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், ஜமக்காளம் வேண்டும் என்றால் அங்கேயே போய் வாங்குங்கள்.

சரி, துணியை விட்டுவிட்டு மற்றதற்கு வருகிறேன். ‘இது ஹேண்ட்மேடா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பாதிப் பேர் சொல்வது உண்மையும்கூட. இன்றைக்கு எந்தப் பொருளும் முழுக்கக் கையிலிருந்து வருவதில்லை. நூல் மில்லிலிருந்து வருகிறது, மரத்தை மெஷின் அறுக்கிறது, கம்பியை மோட்டார் இழுக்கிறது. ‘இதில் எந்த வேலை உங்கள் கையால் நடந்தது, எங்கே உட்கார்ந்து செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். செய்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், அவர் பேச ஆரம்பித்துவிடுவார். வாங்கி விற்பவர் ‘மேடம், எல்லாமே ஹேண்ட்மேட்தான்’ என்பதோடு நின்றுவிடுவார்.

வயர் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக் கடை என்றால் அது இல்லாமல் இருக்காது. ‘எத்தனை ரோல் வயர் கூடை இது, சிவன் கண்ணா நெல்லிக்காயா?’ என்று பின்னல் வகையைக் கேட்டுப் பாருங்கள். பின்னியவர் என்றால் நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் கூடையைக் கவிழ்த்து அடியைக் காட்டுவார். அடி எத்தனை முடிச்சு போட்டது, மூலையில் எங்கே திருப்பினார், மீதி வயரை எந்த முடிச்சுக்குள் சொருகி மறைத்தார் என்று விரல் தானாகப் போகும். நல்ல கூடையில் வெட்டிய நுனி உள்பக்கம் கையில் குத்தாது. கைப்பிடியை இரண்டு பக்கமும் பிடித்து எதிரெதிராக இழுத்தால் அது கூடையோடு சேரும் இடத்தில் முடிச்சு நெகிழக் கூடாது. இந்தக் கூடை கைவேலையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை, இதைப் பின்ன மெஷின் வரவில்லை. குரோஷா பின்னலும் அப்படித்தான். அங்கே கேட்க வேண்டியது யார் கை, அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்பது. குரோஷா மேஜை விரிப்பு நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிறது என்றால், எங்கோ ஒரு பெண்ணுக்கு நாள் கூலிகூடக் கிடைக்கவில்லை என்றுதான் கணக்கு வரும். கைவேலை என்பதாலேயே அது நல்ல வியாபாரம் ஆகிவிடாது என்பது என் எண்ணம். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

மரச் சிற்பத்துக்கு நம் மாவட்டத்தில் தம்மம்பட்டி இருக்கிறது. ஆத்தூர் தாண்டி, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில். கோயில் வாகனம், கதவு, தசாவதாரப் பலகை என்று செய்கிறார்கள், வாகை மரம் அதிகம் புழங்கும். கண்காட்சிக்கு வரும்போது இதோடு கலந்து இரண்டு விதமான போலி வரும். ஒன்று, அச்சில் வார்த்த ரெசின், ஒருவகை பிளாஸ்டிக் பிசின். அதில் மர வரி முன்பக்கம் அழகாக ஓடும். பொருளைத் தலைகீழாக்கி அடியைப் பாருங்கள். உண்மையான மரத்தில் முன்னால் ஓடும் வரி பக்கவாட்டில் தொடர்ந்து, வெட்டுமுகத்தில் வளையமாகவோ புள்ளியாகவோ முடியும். வார்ப்பில் அந்தத் தொடர்ச்சி இருக்காது. அடியிலும் பெயின்ட் அடித்து மூடியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்று, கணினி ரவுட்டரில், அதாவது கணினி இயக்கும் மரம் குடையும் மெஷினில், கடைந்த பலகை. இது உண்மையான மரம், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். சாதாரண ரவுட்டரின் முனை மேலிருந்து கீழே மட்டும் இறங்கும். ஆகவே பிள்ளையாரின் துதிக்கைக்கு அடியில், மாலைக்குப் பின்னால் குடைந்திருக்காது, எல்லாம் பலகையோடு ஒட்டியே நிற்கும். பள்ளங்களின் தரையில் ஒரே இடைவெளியில் சன்னமான கோடுகள் தெரியும், உள்மூலைகள் எல்லாம் ஒரே அளவில் உருண்டிருக்கும். உளி பட்ட இடம் அப்படி இருக்காது, மூலை கூராகவும் தரை மேடுபள்ளமாகவும் இருக்கும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பலகையை எடுத்து முகத்தோடு முகம் ஒப்பிடுங்கள். மெஷினில் கடைந்து முகத்தையும் விரலையும் மட்டும் உளியால் முடிப்பவர்களும் உண்டு. அதைச் சொல்லியே விற்றால் எனக்கு ஆட்சேபம் கிடையாது, விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சரியாக உலராத பச்சை மரமா என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து இரண்டு கோடை பார்த்த பிறகு வெடிப்பு வந்தால்தான் தெரியும். அதனால் பெரிய பொருளைக் கண்காட்சியில் வாங்காமல், பெயரும் ஊரும் குறித்துக்கொண்டு பட்டறைக்கே போவது நல்லது.

இப்போது வெள்ளி. சேலம் கொலுசு என்றால் தனி மரியாதை. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு அந்த வேலைதான். உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், வளையம் கோப்பது, பற்றவைப்பது, சலங்கை வைப்பது, மெருகு போடுவது என்று ஒரு ஜோடி பல வீடு சுற்றி வரும். ‘இதை நானே செய்தேன்’ என்று ஒருவர் முழுக் கொலுசையும் காட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். தரத்தைப் பொறுத்தவரை கண்பார்வை உதவாது. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஆனால் செய்தவரே குத்திய எண்ணும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையோடு வரும் ஹால்மார்க்கும் ஒன்றல்ல, தங்கத்துக்குப் போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமும் கிடையாது. மூட்டுக்கு மூட்டு பற்றவைத்திருப்பதால் உருக்கிப் பார்க்கும்போது தரம் இறங்கும். மெருகைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல இந்தத் தொழிலிலேயே இருப்பவர்களும் துணிய மாட்டார்கள். எடை, தரம், செய்கூலி மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். ‘ஜெர்மன் சில்வர்’ என்று எழுதியிருந்தால் அதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தோலில் அரிப்பு தரும்.

ஓவியத்தில் அச்சுப் பிரதியின் மேல் நாலு தீற்று வண்ணம் போட்டு விற்பதுதான் அதிகம். போன் கேமராவை நெருக்கமாக வைத்துப் பெரிதாக்கினால் அச்சில் பொடிப் புள்ளிகள் தெரியும், தூரிகையில் தெரியாது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 22 காரட் தங்கத் தகடு ஒட்டுவது முறை. கண்ணாடி போட்டுச் சட்டத்துக்குள் இருக்கும்போது அது தங்கமா மலிவுத் தகடா என்று பார்த்துச் சொல்வது நடக்காத காரியம், அதையும் பில்லில் எழுதித்தான் வாங்க வேண்டும். சுடுமண் நகையில், பெயின்ட் படாத பின்பக்கத்தை ஈர விரலால் தேயுங்கள். சுட்டது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அப்படியே இருக்கும், சுடாதது கையில் சேறாக ஒட்டும்.

எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் கண்காட்சிக்குப் போகாமல் நிரந்தரக் கடைக்குப் போங்கள். சேலத்தில் இருக்கும் பூம்புகார் என்ற அரசு கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் ஒரு மணி நேரம் மரத்தையும் பித்தளையையும் தொட்டுப் பாருங்கள். கைத்தறிக் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸில் சேலைகளைப் புரட்டிப் பாருங்கள், தீபாவளி சமயம் 30 சதவீதத் தள்ளுபடியும் இருக்கும். கைக்கு ஒரு அளவு கிடைத்த பிறகு மண்டபத்துக் கடைகளில் வித்தியாசம் தானாகத் தெரியும். நவராத்திரிக்கு முன் பூம்புகாரில் கொலு பொம்மைக் கண்காட்சி, ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளையொட்டி நடக்கும் விற்பனை, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் எல்லாம் நம் காலண்டரில் குறித்து வைக்க வேண்டியவை. மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போனால் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியைப் பார்த்த கையோடு அங்கே மகளிர் குழுக்கள் கடை போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். ஏரிக்கரைக் கடைகளில் தொங்கும் சாவிக்கொத்து, பாசிமணி, பெயர் எழுதிய மரத்துண்டு இதெல்லாம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படியே தொங்குகின்றன. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அதை வாங்கி வர வேண்டியதில்லை. மலையில் விளைந்த காப்பியும் மிளகும் வாங்குங்கள். மலை ஈரத்தில் நாள்கணக்காக இருந்த மரப் பொருளையும் ஓலைக் கூடையையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் நிழலில் காற்றாட வையுங்கள்.

கடைசியாகப் பணம். முதல் நாள் காலையில் போனால் நல்ல சரக்கு இருக்கும், செய்தவரும் பேசும் மனநிலையில் இருப்பார். கடைசி நாள் மாலை விலை இறங்கும், திருப்பித் தூக்கிக்கொண்டு போகும் செலவை நினைத்து அவரே குறைப்பார். அந்த நேரத்தில் அதற்கும் கீழே பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது, மற்றபடி பேரம் பேசுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜிபேயில் ஸ்கேன் செய்தால் வரும் பெயரைப் பாருங்கள். ‘நெசவாளர் சங்கம்’ என்று பேனர் கட்டிவிட்டு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயர் வந்தால் கேளுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம், பல பெண்களுக்கு மகன் அல்லது கணவர் கணக்கில்தான் பணம் வாங்கிப் பழக்கம். ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் முழுப் பணத்தையும் கொடுக்காமல், மூலப்பொருளுக்கு ஆகும் தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். அளவு, நிறம், தேதி மூன்றையும் அவர் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பில் புத்தகம் இல்லாதவரிடம் ஒரு வெள்ளைத் தாளில் பொருளின் பெயர், ஊர், எந்தத் தறி, என்ன நூல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நெய்தவரோ அவர் வீட்டுக்காரரோ என்றால் உடனே பேனாவை எடுத்துவிடுவார்.